பேசினா தெரியாத இரைச்சல்

மைக் எத்தனை, நாலா, ரெண்டா, ஒண்ணான்னு மைக்செட் கடை நூருல்லா பாய் மூணாவது தடவையாக் கேக்கிறார். நான் அந்தக் கறுப்புப் பெட்டிமேல இருக்கிற திருகு ஒவ்வொண்ணையும் திருகிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். பாவம் மனுஷன், கடை திறந்ததும் இப்படி ஒருத்தி வந்து மரமா நின்னா போணி எப்படி ஆகும். "எத்தனை பேர் பேசப் போறீங்கம்மா, அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்"கிறார். எத்தனை பேர். உறையூர்ல பஸ் ஏறினதுலேர்ந்து இந்தச் சிங்காரத்தோப்புச் சந்துக்குள்ள நுழையற வரைக்கும் அதைத்தானே நானும் யோசிச்சுக்கிட்டு வந்தேன், கண்டக்டர் சில்லறை நீட்டினதுகூடத் தெரியலை, பக்கத்துல உக்காந்த அம்மாதான் வாங்கிக் கையில திணிச்சாங்க. எத்தனை பேர்னா, பாய், வீட்டுல மூணு பேர். நான், சுகுணா, ஐம்பத்தாறு வயசு, வாய் ஓயாதவன்னு ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர், அவர் பேசறதெல்லாம் காலைப் பேப்பர்ல வந்ததுதான், அவரைக் கணக்குல சேக்க வேண்டாம். அப்புறம் அவரோட தங்கச்சி மங்கையர்க்கரசி, எங்களுக்கு மங்கை, கல்யாணமே வேண்டாம்னுட்டு எங்களோடயே இருக்கிறவ, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ. ஊர்ல பாதிப் பேருக்கு அவ மூஞ்சி தெரியாது, குரல் தெரியும். நான் கல்யாணமாகி வந்த மறுநாளே அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "உன்னை அண்ணின்னு கூப்பிடுவேன், ஆனா நீ வா போதான், சம்மதமா?"ன்னு கேட்டா. சம்மதம்னேன். அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு, முப்பத்திரண்டு வருஷம். இப்ப பாயோட கேள்விக்கு நான் ரெண்டு பேர்னு சொல்லணும். சொல்ல வாய் வரலை. ஒருத்தின்னு சொல்லணும்னா அதுக்கும் வரலை.

அவர் ரெண்டு பெட்டியை எடுத்து வெச்சிருக்கார், விலை ஏறக்குறைய ஒண்ணுதான், நான் சொன்ன விலைக்கு மேல இவர் காட்டவும் இல்லை, நல்ல மனுஷன். ஒண்ணு மிக்சர், ரெண்டு மைக் போடலாம், ரெண்டையும் தனித்தனியா ஏத்தலாம் இறக்கலாம், எக்கோகூட உண்டு, அவர் போட்டுக் காட்டினார், "ஹலோ ஹலோ"ன்னதும் கடையே கல்யாண மண்டபமாயிடுச்சு. இன்னொண்ணு வெறும் ப்ரீஆம்ப், ஒரே ஒரு மைக் போடற ஓட்டை, ஒரே ஒரு திருகு. மைக் பிடிக்கிற சத்தம் ரொம்பச் சின்னதாம், காதுக்கே கேக்காதாம், அதைத் தூக்கிக் கொடுக்கிறதுதான் இந்தப் பெட்டியோட வேலை. மிக்சருக்குள்ளயும் அது இருக்கு, ஆனா அதுல மட்டமானது, இதுல உசத்தியானதுன்னார். போன மாசம் எங்க வீட்டுப் பழைய மிக்சருக்குள்ள பல்லி பூந்து கருகிப்போன கதையை நான் சொன்னேன், சிரிச்சார். நானும் சிரிச்சேன். கருகின அன்னிக்கு வீட்டுல நான் சிரிக்கலை, உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லக்கூடாது, ஆனா நிஜம். இனிமே அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம், ரெண்டு ஸ்டூலையும் ரெண்டு மைக்கையும் பாக்க வேண்டாம்னு ஒரு நிம்மதி. அந்த ரூம் ஒண்ணும் பெரிய ஸ்டுடியோ இல்லை, என் படுக்கையறைதான். பீரோக் கதவு ரெண்டையும் விரியத் திறந்து வெச்சு, பீரோவுக்கு எதிர்ல உக்காந்து பேசுவோம், புடவையெல்லாம் எதிரொலியைக் குடிச்சுடும். பட்டுப்புடவை இருக்கிற பக்கம் மங்கைக்கு, வாயில் புடவைப் பக்கம் எனக்கு. அதுக்கும் ஒரு சண்டை உண்டு, என் பட்டை நீ குரலால தேய்க்கிறேன்னு நான் சொல்லுவேன். ஃபேனை நிறுத்தணும். சித்திரையில ஃபேனை நிறுத்திட்டு ரெண்டு கிழவிங்க வேர்த்து ஊத்தக் கதை சொன்னா எப்படி இருக்கும். "அண்ணியும் நாத்தனாரும்"னு பேர் வெச்சு, பதிவு பண்ணி நெட்டுல போட்டோம். அவ ஒரு கதையைத் தொடங்குவா, என்ன கதைன்னு எனக்குத் தெரியாது. பாதி வந்ததும் நிறுத்திட்டு என் முழங்காலைத் தட்டுவா. நான் முடிக்கணும். அதான் எங்க முறை. அவ ராஜகுமாரியைக் கொண்டுபோய் ரேஷன் கடை வரிசையில நிறுத்திட்டுத் தட்டிடுவா, நான் முழிப்பேன், அப்புறம் எப்படியாவது கரையேத்திடுவேன். கேக்கிறவங்க ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க, அதுல மஸ்கட்லேர்ந்து ஒரு பொண்ணு, துணி தேய்க்கறப்ப கேக்கறேம்மான்னு எழுதும், மங்கை அதைப் படிச்சுட்டு அடுத்த கதையில ஒரு இஸ்திரிப்பெட்டியைப் பேச வெச்சா. தொடங்கறது அவ, முடிக்கறது நான். எனக்கு அதுல என்ன பெருமைங்கிறீங்க. வீட்டுல பேசறப்பகூட அப்படித்தான் ஆயிடுச்சு, அவ பாதி சொல்லறதுக்குள்ள நான் மீதியைச் சொல்லிடுவேன், அவ, "என் வாயிலேர்ந்து பிடுங்காதடி"ம்பா, சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா.

போன ஆவணியில அடுப்படியில மங்கை கையில இருந்த டம்ளர் நழுவுச்சு, வாய் கோணுச்சு. மூளையில சின்ன அடைப்புன்னாங்க, நேரத்துக்குக் கொண்டுவந்தீங்கன்னாங்க, பிழைச்சா. கை முக்காவாசி வந்துடுச்சு. பேச்சு வரலை. வராம இல்லை, வருது, லேட்டா வருது. தோசைன்னு சொல்ல நினைச்சா தோசை எங்கயோ உள்ள இருக்கு, அவ அதைத் தேடிப் போயி எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள ஒரு பஸ் போயிடும். புத்தி துளி குறையலை, அது கண்ணுலயே தெரியும், அதுதான் என்னைக் கொல்லுது. அவ "தோ"ன்னதும் நான் "தோசையா? சட்னி போதுமா? பொடி வைக்கவா?"ன்னு மூணு வாக்கியம் சொல்லியிருப்பேன். பேச்சுப் பயிற்சிக்கு வர்ற ரோஸ்லின் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, தயவுசெஞ்சு அவங்களுக்கு நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க, காத்திருங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னு கோவம். நேத்துப் பொறந்தது எனக்குச் சொல்லுதா, முப்பத்திரண்டு வருஷமா நான்தானே முடிச்சுக் கொடுக்கறேன், அதான் எங்க முறையே. தை மாசம் மங்கையே ஒருநாள் ரூமுக்குள்ள போயி ஸ்டூல்ல உக்காந்தா. பீரோவைக் கையால காட்டினா, திறன்னு. எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிடுச்சு. ஃபேனை நிறுத்தி, மைக்கைப் போட்டு, பதிவு பண்ணினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒரு கழுதை கதை, அவ்வளவுதான் கதை, அதைச் சொல்ல அவ பட்ட பாடு. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா. கல்யாணமாகிப் போன என் பொண்ணு எனக்குக் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டக் கத்துக் கொடுத்திருக்கா. ரெண்டு நாள் உக்காந்து, மங்கை திணறின இடம், நின்ன இடம், "அ... அ..."ன்னு தொடங்கித் தொடங்கி விட்ட இடம், மூச்சு வாங்கின இடம் எல்லாத்தையும் ஒண்ணு விடாம வெட்டினேன். வெட்டி ஒட்டினா பன்னெண்டு நிமிஷம். அச்சு அசல் பழைய மங்கை, கடகடன்னு பேசறா. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவளை மீட்டுட்டேன்னு நினைச்சேன். ஓடிப்போய் ஹாலுல உக்காந்திருந்தவ காதுல ஹெட்போனை மாட்டினேன், என் மூஞ்சியில பல்லுதான் இருந்திருக்கும். அவ கேட்டா. முழுசாக் கேட்டா. கழட்டி மடியில வெச்சா. "யா... ரு... இது?"ன்னா. அவ்வளவுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு. அன்னிலேர்ந்து நாலு மாசம், அவ அந்த ரூமுக்கும் வரலை, பேசறதையும் விட்டுட்டா. ஆமாம்னா தலையாட்டல், இல்லைன்னா தலையாட்டல். போன்ல கூப்பிட்டா எடுத்துக் காதுல வெச்சுக்கிறா, அதுலயும் தலையாட்டறா, எனக்கெப்படிடி தெரியும்? ரோஸ்லின் சொல்லிட்டா, பேசப் பேசத்தான் ஆன்ட்டி வரும், இப்படியே விட்டா இப்படியே நின்னுடும், இன்னும் கொஞ்ச மாசம்தான் கையில இருக்கு. அதான் புதுப் பெட்டி வாங்கக் கிளம்பி வந்தேன். நான்தான் நிறுத்தினேன். அடைப்பு பாதி நிறுத்துச்சு, மீதியை நான் நிறுத்தினேன், எல்லாம் அன்பாலதான், நாசமாப்போன அன்பு.

"இதை மாட்டிக் கேளுங்கம்மா"ன்னு பாய் என் காதுல ஹெட்போனை மாட்டிவிடறார். மிக்சர். மைக்கை என் வாய்கிட்டத் திருப்பறார், பேசுங்கன்னு கையைக் காட்டறார். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. எனக்கு! வீட்டுக்காரர் பாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். காதுக்குள்ள ஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல், தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சது அடங்காம நிக்கிற மாதிரி. "பாய், என்ன சத்தம் இது?" "அது மிக்சரோட சத்தம்மா. இந்த விலைக்கு அது இருக்கத்தான் செய்யும். பேசுங்க, பேசினா தெரியாது." ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்றேன். வாஸ்தவம்தான், பேசினா தெரியலை. நிறுத்தினா ஸ்ஸ்ஸு. பேசினா தெரியாது. பேசாட்டி அதுமட்டும்தான் தெரியும். என்னை மாதிரி ஓட்டைவாய்க்கு இது போதும், மூச்சு விடாமப் பேசறவளுக்கு என்ன இரைச்சல். ஆனா மங்கை பேசினா? ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு பஸ் போற நேரம் இருக்கே, அத்தனை நேரமும் இந்தச் சனியன்ல ஸ்ஸ்ஸுன்னுக்கிட்டு இருக்கும். கேக்கிறவங்களுக்குப் பொறுமை போயிடும். எனக்குப் போயிடும். நான் மறுபடி கத்திரியை எடுத்துடுவேன், எனக்கு என்னைத் தெரியாதா? பாய் என் மூஞ்சியைப் பாத்து ஏதோ புரிஞ்சுக்கிட்டவர் மாதிரி ஒரு பட்டனைக் காட்டறார். "கவலையே வேண்டாம்மா, இதை அமுக்குங்க. பேச்சு நின்னா அது தானா சத்தத்தை அமுக்கிடும். மறுபடி நல்லாப் பலமா வாயத் திறந்தாத்தான் வழி விடும்." அமுக்கிக் காட்டறார். ஒண்ணுங்கறேன், நிறுத்தறேன், காதுக்குள்ள கதவைச் சாத்தின மாதிரி எல்லாம் செத்துப்போகுது. மெதுவா, ரொம்ப மெதுவா "ரெ"ங்கறேன். கேக்கலை. "ரெண்டு"ன்னு சத்தமாச் சொன்னாத்தான் விடுது, அதுலயும் "ரெ" இல்லை, "ண்டு" மட்டும். "வேண்டாம் பாய்"ங்கறேன், என் குரல் எனக்கே கூடுதலாத் தெரியுது. "எடுத்துடுங்க அதை." அவர் பயந்துபோய் எடுத்துடறார். ஐயோ, அவர்மேல எதுக்குக் கோவப்படறேன், அந்தப் பட்டன் வேற யாரு, நான்தானே.

இப்ப அந்த இன்னொரு பெட்டி. மைக்கைப் பிடுங்கி அதுல சொருகறார், திருகை ஏத்தறார், நான் கண்ணை மூடிக்கிறேன். முதல்ல ஒயர் மாட்டலையோன்னு நினைச்சேன், ஒண்ணுமே இல்லை. அப்புறம் ஒவ்வொண்ணா வருது. கடைக்கு மேல இருக்கிற ஃபேனு. வெளியில ஒரு ஸ்கூட்டர் உதைபடறது. பாய் டீயை ஒரு வாய் உறிஞ்சறது. என் வளையல் கல்லாப்பெட்டி விளிம்புல பட்டு ஒரு சின்னச் சத்தம். என் மூச்சு. அடேயப்பா, நான் இவ்வளவு மூச்சு விடறேனா? பேசாம இருக்கிறப்ப இத்தனை இருக்கா? மங்கையோட மூச்சு எப்படி இருக்கும். வார்த்தையைத் தேடிப் போறப்ப அவ நாக்கை மேலண்ணத்துல ஒட்டி எடுப்பா, ஒரு சின்ன டக்கு, அது கேக்கும். வார்த்தை கிடைச்சதும் மூக்கால ஒரு சிரிப்பு விடுவா, ஆ மாட்டிக்கிட்டியான்னு, அது கேக்கும். அதைக்கூட வெட்டினேனே, பாவி. தேடறதும் அவதான், நிக்கறதும் அவதான், இது இப்பத்தான் எனக்கு உறைக்குது, அம்பத்தாறு வயசுல, சிங்காரத்தோப்புல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. பேச்சுக்கு இல்லை இந்தப் பெட்டி, பேசாத நேரத்துக்கு. இதுல அவ எத்தனை நேரம் நின்னாலும் கெட்டுப்போகாது. சரி, ஆனா ஒரு ஓட்டைதானே. ஒரே ஒரு மைக். இதை வாங்கிட்டுப் போய் மேசையில வெச்சா அவ என்ன நினைப்பா? அண்ணி என்னைக் கழட்டிவிட்டுட்டா, இனிமே அவ மட்டும் பேசப்போறான்னு நினைப்பா. காலையில கடைக்கு வர்றியான்னு கேட்டதுக்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ரெண்டு மைக் மிக்சரை வெச்சா? என்னைக் கட்டாயப்படுத்தறா, பரிதாபப்படறான்னு நினைப்பா, அப்புறம் அந்த ஸ்ஸ்ஸு, அப்புறம் என் கத்திரி. எதை எடுத்தாலும் இடிக்குதே முருகா. ரெண்டையும் வாங்க நம்மகிட்ட என்ன கொட்டியா கிடக்கு. இருக்கிறது ஒரு நல்ல ஓட்டை, ரெண்டு வாய். அதுல ஒரு வாய் இத்தனை வருஷமாப் பேசின பேச்சு போதாதா? இப்படி நினைச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் இல்லாமலா? ஏன், இல்லாமத்தான். அவ தொடங்கட்டும், அவளே முடிக்கட்டும், நாளைக்கு முடிச்சாலும் சரி. நான் பேசாம இருந்தா என்ன செத்தா போயிடுவேன்? செத்தாலும் போயிடுவேன், சொல்ல முடியாது.

"என்னம்மா, எதைப் போடட்டும்?" "ஒரு நிமிஷம் பாய், வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." ஹெட்போனைக் கழட்டினதும் சந்து இரைச்சல் மொத்தமும் மேல விழுது, போனை எடுத்து மங்கைக்கு அடிக்கிறேன். மூணாவது மணியில எடுத்துட்டா. மூச்சு கேக்குது. "மங்கை, நான்தான். கடையில இருக்கேன். இங்க ரெண்டு பெட்டி இருக்குடி, ஒண்ணுல ரெண்டு மைக் போடலாம், ஆனா ஒரே இரைச்சல். இன்னொண்ணு சுத்தமா இருக்கு, ஆனா ஒரே ஒரு மைக்தான். நான் அதை எடுக்கப்போறேன். உனக்கு. உனக்கு மட்டும்தான்டி, நீயே தொடங்கு, நீயே முடி, நான் இனிமே கத்திரியைத் தொடமாட்டேன், உன்மேல சத்தியம். அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. உன்னையே வெட்டிப்போட்டுட்டேன். மன்னிச்சுக்க." சொல்லி முடிச்சுட்டேன், அப்பாடா, நாலு மாசமாத் தொண்டையில நின்னது. தலையாட்டறாளோ என்னமோ. வெச்சிடவான்னு கேக்க வாயெடுத்தேன், அப்ப "அ"ன்னு ஒரு சத்தம். அ! "அ... ப்..." அப்புறமா? அப்புறம் பேசலாம்ங்கறாளா? அப்படியாங்கறாளா? அப்ப நான் வரமாட்டேன்ங்கறாளா? கேட்டுடலாமா, எதுன்னு கேட்டுட்டா ஆமாம் இல்லைன்னாவது தெரியுமே, வேண்டாம் சுகுணா, கடிச்சுக்க, உதட்டைக் கடிச்சுக்க. வெளியில ஒரு ஆட்டோக்காரன் ஆரனை விடாம அடிக்கிறான், போய்த் தொலையேண்டா. "அப்ப..." நிக்கிறா. டக்குன்னு அந்த நாக்குச் சத்தம். நான் கல்லாப்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "நீ..." ஒரு பஸ் போகட்டும், ரெண்டு பஸ் போகட்டும், திருச்சியில இருக்கிற எல்லாப் பஸ்ஸும் போகட்டும், நான் இங்கயேதான் நிக்கப்போறேன். "எ... ங்க..." கண்ணுலேர்ந்து தண்ணி தானா ஊத்துது, பாய் டீ கிளாஸை மெதுவாக் கீழ வெக்கிறார். "உக்காருவ?"

அப்ப நீ எங்க உக்காருவ. உன் பக்கத்துலதாண்டி, வேற எங்கன்னு நாக்கு நுனிக்கு வந்துடுச்சு, முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், தானா வருது. பாய் பில் புத்தகத்தை எடுத்துக்கிட்டு, "அந்த ஒத்தைப் பெட்டியையே போட்டுடலாமாம்மா?"ன்னு கேக்கிறார். நான் கையை நீட்டி அவரை நிறுத்தறேன். இருங்க பாய், அவ இன்னும் முடிக்கலை. அவர் பேனாவைத் திறந்தபடியே நிக்கிறார். போனுல அவ மூச்சு வாங்குது, இன்னொரு தடவை வாங்குது.

"அ... ண்ணி?"